மேளகாரரின் மருத்துவச் செலவு யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் ஓர் ஆலயத்தின் பரிபாலன சபையில் பதினொரு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் நான். திருவிழாக் காலத்தில் கொடுப்பனவுச் சிட்டைகளில் கையொப்பமிடுவது என் வேலை. பந்தல், மின்னலங்காரம், ஒலிபெருக்கி, பூ, மேளம் என்று பத்து நாட்களுக்கும் ஒரு கட்டுச் சிட்டை சேரும். ஒலிபெருக்கி ஏற்றி வந்த வாகனத்துக்குச் சட்டப்படி காப்புறுதி இருந்தது. அதே வாகனத்தின் பின்புறத்தில் தவிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று அந்தப் பதினொரு ஆண்டுகளில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. சுயதொழிலாகக் கலையைச் செய்பவர்கள் நோயுறும்போது சட்டம் அவர்களுக்கு எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது என்பது பற்றி இப்போது எழுத முற்படுவதற்கு அந்தத் தவறே காரணம்.

எங்கள் ஆலயத்தில் நீண்டகாலம் வாசித்த தவில்காரர் ஒருவர், ஓர் ஆடி மாதத் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு, சுவாமி உள்வீதி வந்து முடிந்த பின், தவில் அடிப்பதற்காக வலக்கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளைக் கழற்றிவிட்டு, விரல்கள் தன்னுடையவை போலவே தெரியவில்லை என்றார். கழுத்திலிருந்து இறங்கும் நரம்பில் அழுத்தம் என்று பின்னர் அறிந்தோம். அரச வைத்தியசாலையில் அவரைப் பார்த்த வைத்தியரிடமோ தாதியரிடமோ எந்தக் குறையும் இல்லை. ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் ஸ்கான் பரிசோதனைக்கு நீண்ட காத்திருப்பு இருந்ததால் வெளியே பணம் கொடுத்து எடுக்க வேண்டியதாயிற்று. விசேட வைத்தியரைக் காண வேறு மாவட்டத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று மாதங்கள் தவிலைத் தொடக்கூடாது என்றார்கள். அந்த மூன்று மாதங்களுக்குள் ஆடியின் மிச்சத் திருவிழாக்களும் ஆவணி முகூர்த்தங்களும் போய்விட்டன. பிறகு வடகீழ்ப் பருவமழை, அதன் பிறகு மார்கழி. வீட்டிலிருந்த சங்கிலி அடகுக்குப் போன பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. நான் என் பணத்தில் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது ஏதோ புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951ஆம் ஆண்டில் நீக்கப்பட்ட நாடு இது. எழுபதுகளில் வெளிநோயாளரிடம் ஒரு சிறு தொகை அறவிடப்பட்ட சில ஆண்டுகளைத் தவிர, அந்தக் கொள்கை இன்றுவரை நிற்கிறது. ஆகவே கலைஞர்களுக்கு மருத்துவ வசதி இல்லை என்று எவரும் சொன்னால் அது உண்மையாகாது. அவர்களுக்கு இல்லாதது, அந்த வசதியைச் சென்றடைவதற்கான பணமும் நாட்களும்தான். மாதச் சம்பளம் பெறுபவர் மருத்துவ விடுப்பில் படுத்திருக்கும்போதும் இருபத்தைந்தாம் திகதி வங்கிக் கணக்கில் பணம் விழுகிறது. மேளகாரர் படுத்தால் அன்றைய அடுப்பும் படுத்துவிடுகிறது. அதனால் அவர் வலியோடு வாசிக்கிறார், கிளினிக் திகதியைத் தள்ளிப்போடுகிறார், நோய் முற்றிய பிறகு வார்டுக்குப் போகிறார்.

நமது சட்டங்கள் தொழில்தோறும் ஒரு வாசலை வைத்திருக்கின்றன. அரச ஊழியருக்கு அக்ரஹார என்னும் மருத்துவக் காப்புறுதி உண்டு. விவசாயிகளுக்கு 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தாலும், மீனவர்களுக்கு 1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாலும் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் உருவாயின. அவை எவ்வளவு சீராக நடைபெறுகின்றன என்பது வேறு விடயம்; குறைந்தபட்சம் அந்தத் தொழில்களின் பெயர் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இருக்கிறது, ஆனால் அது தொழில்கொள்வோர் ஒருவரைச் சுட்டிக்காட்டச் சொல்கிறது. ஓர் இரவு தம்பலகாமத்தில், மறுநாள் மூதூரில், வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் வாசிப்பவர் யாரைச் சுட்டிக்காட்டுவார்?

சுயதொழில் செய்வோருக்கென்று எதுவுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையில் அவர்கள் தாமாகப் பணம் செலுத்தி ஓய்வூதியமும், ஊனம், மரணம் ஆகியவற்றுக்கான கொடுப்பனவும் பெறலாம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் சுயதொழிலாளர் சேரலாம். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்துதல் போன்றவற்றுக்கு அந்நிதியம் அங்கத்தவர்களுக்கு உதவுகிறது. ஆயினும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கடையில் வேலை செய்யும் இளைஞனுக்காக அந்நிதியத்துக்கு மாதம் மூன்று வீதத்தை முதலாளி செலுத்துகிறார், இளைஞனின் சம்பளத்திலிருந்து அது கழிக்கப்படுவதில்லை. கலைஞரோ முழுத் தொகையையும் தன் மடியிலிருந்தே கட்ட வேண்டும். அதுவும் வருமானம் ஏறி இறங்கும் மாதங்களிலும் தவறாமல் கட்ட வேண்டும். இதனால்தான் எனக்குத் தெரிந்த மேளகாரர், கூத்துக்கலைஞர், வில்லிசைக்காரர், கிண்ணியாவின் பொல்லடிக் கலைஞர் எவரிடம் கேட்டாலும், "அதெல்லாம் நமக்கு ஒத்துவராது ஐயா" என்ற ஒரே பதில் வருகிறது.

பாராட்டில் நாம் குறைவைப்பதில்லை. அறுபது வயதைக் கடந்தவர்களுக்குக் கலாபூஷணம் என்னும் அரச விருது உண்டு. பொன்னாடை, சான்றிதழ், ஒரு தொகைப் பணம், மேடையில் ஒரு புகைப்படம். நானும் இரண்டு விழாக்களில் மாலை போட்டிருக்கிறேன். ஆனால் தோளும் முழங்காலும் தேய்வது முப்பதிலிருந்து ஐம்பது வரையிலான வயதில். நாடகக் கலைஞர்களின் நலனையும் தன் பணியாகக் கொண்ட டவர் மண்டப அரங்க மன்றம் 1978இலேயே சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் நிழல் கொழும்பு மருதானையிலிருந்து எங்கள் பக்கத்துக் கொட்டியாரம் வரை நீளவில்லை என்பது என் அனுபவம்.

பிற நாடுகளைப் பார்த்தால், ஜெர்மனியின் ஏற்பாடு நமக்குப் பொருந்தும் ஒரு யோசனையைத் தருகிறது. 1981இல் இயற்றப்பட்டு 1983 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கலைஞர் சமூகக் காப்புறுதிச் சட்டத்தின்படி, சுயதொழில் செய்யும் கலைஞரும் எழுத்தாளரும் மருத்துவம், பராமரிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கான தவணையில் பாதியை மட்டும் செலுத்துகிறார்கள். மறு பாதியில், முழுத் தவணையின் முப்பது வீதத்தைக் கலைஞரின் உழைப்பை விலைக்கு வாங்குவோரும், இருபது வீதத்தை மத்திய அரசும் கொடுக்கின்றன. பதிப்பகம், நாடக அரங்கு, விளம்பர நிறுவனம் என்று கலைஞருக்குக் கொடுப்பனவு செய்பவர்கள் அந்தக் கொடுப்பனவின் மீது ஒரு வீதத்தைச் செலுத்துகிறார்கள். 2025இல் அது ஐந்து வீதமாக இருந்தது. ஆண்டு வருமானம் பொதுவாக 3,900 யூரோவைத் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலும், தொழில் தொடங்கிய முதல் மூன்று ஆண்டுகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. "உன் முதலாளி யார்?" என்று அந்தச் சட்டம் கலைஞரிடம் கேட்கவில்லை, உன்னை அழைத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து உன் முதலாளி என்று தீர்மானித்துக்கொண்டது. அந்நாட்டின் செல்வம் நம்மிடம் இல்லை என்பது தெரியும். நான் எடுத்துக்கொள்வது அந்தத் தீர்மானத்தை மட்டுமே.

கடல் கடந்து தமிழ்நாட்டைப் பார்த்தாலும், நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007இல் ஒரு நல வாரியம் அமைக்கப்பட்டது. நமக்கு அப்படி ஒன்றை யார் இயற்றுவது? அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் சுகாதாரத்தையும் சமூக சேவையையும் மாகாணப் பட்டியலில் வைத்திருக்கிறது. கிழக்கு மாகாண சபை இந்த நகரத்திலேயே கூடியது. 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்த பிறகு மாகாண சபைத் தேர்தல் நடைபெறவில்லை. மாகாணத்துக்கான நியதிச் சட்டம் இயற்ற வேண்டிய அவை இல்லாமல் ஆளுநரின் நிர்வாகம் மட்டும் நடக்கிறது. கலைஞர்களுக்காகத் தேர்தல் வைக்கச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இப்படிச் சிறிய, யாரும் கூச்சலிடாத விடயங்கள்தான் ஒரு மாகாண சபை இல்லாதபோது முதலில் விடுபட்டுப் போகின்றன. அதுவரை நாடாளுமன்றம் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்து, கலைஞருக்குக் கொடுப்பனவு செய்யும் ஆலயம், மண்டபம், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள், அரச திணைக்களங்கள் ஆகியன ஒரு சிறு வீதத்தை அவர் பெயரில் செலுத்த வகைசெய்யலாம். நோயால் தொழில் செய்ய முடியாத நாட்களுக்கு அதிலிருந்து ஒரு நாட்கூலி வழங்கலாம்.

ஆலயங்கள் எங்கே போகும் என்று எனது பழைய நண்பர்கள் கேட்பார்கள். விளக்கெண்ணெய்க்கே திண்டாடும் சிறு கோயில்களை ஒரு குறைந்தபட்ச வரம்பு வைத்து விலக்கிவிடலாம். யாழ்ப்பாணத்து இணுவில், அளவெட்டி மேளங்களை வரவழைத்துப் பத்து நாளும் வாணவேடிக்கை நடத்தும் ஆலயங்களுக்கு மூன்று வீதம் ஒரு பாரமல்ல. எங்கள் கணக்குப் புத்தகத்தை எழுதியவன் என்பதால் இதைத் துணிந்து சொல்கிறேன். மனோரதப்படி விலை குறைத்துப் பேசிவிட்டு, அந்த வீதத்தையும் கலைஞரின் சன்மானத்திலிருந்தே கழிக்கும் சாமர்த்தியம் நம்மவரிடம் உண்டு என்பதால், அதைத் தடுக்கும் வாசகம் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

சென்ற மாதம் எங்கள் ஆலயத்தின் இன்றைய சபையிடம், வரும் திருவிழாவில் மேளத்துக்குக் கொடுக்கும் தொகையுடன் மூன்று வீதத்தைத் தனியாக ஒதுக்குமாறு கேட்டேன். எவரும் மறுக்கவில்லை. பொருளாளர் மட்டும் சிட்டைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒதுக்கிறம் ஐயா, அதை எந்தக் கணக்கில போடுறது?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இக்கடிதத்தைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

இவ்வண்ணம்,
ஆலய பரிபாலன சபையின் முன்னாள் செயலாளர் ஒருவர்,
திருகோணமலை.