காதருக்கு, கேமரா வாங்கும் முன்

மண்டபம்

அன்புள்ள காதர்,

உன் கடிதம் கிடைத்தது. ஷார்ஜா வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடப் போகிறாய் என்று படித்ததும் அன்றைக்கே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கீழக்கரைக்குப் போயிருந்தபோது உம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. நீ வரும் செய்தியை எனக்கு முன்பே தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

இங்கே பெரிய மாற்றம் பாம்பன் பாலம்தான். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றதே, அப்புறம் ராமேசுவரம் போகிறவர்கள் எல்லாம் மண்டபத்தில் இறங்கிப் பஸ் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் பழையபடி தீவுக்குள் போகிறது. 1914ஆம் வருஷத்துப் பாலம் நடுவில் இரண்டாகப் பிரிந்து கைதூக்கி நிற்கும், நினைவிருக்கிறதா? புதியதில் நடுப்பகுதி அப்படியே படுக்கை வாட்டில் மேலே ஏறுகிறது. 72.5 மீட்டர் நீள இரும்பு மொத்தமாக உயர்வதைப் பார்க்க ரோட்டுப் பாலத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. எங்கள் வீட்டில் பெரியவன் காரைக்குடியில் படிக்கிறான். சின்னவள் பத்தாம் வகுப்பு.

சரி, கேமரா விஷயத்துக்கு வருகிறேன். கையில் 40,000 ரூபாய், முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா), எதை வாங்க, அங்கேயே வாங்கி வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அங்கே வாங்காதே. கேமராவின் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும், பழுது என்றால் இங்கே நீ கைக்காசைத்தான் போட வேண்டும். ஊருக்கு வந்து, மதுரையில் நேரில் பார்த்து, ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த நல்ல கேமராவாக வாங்கு. பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு, போகக் கூடாது. மீதி லென்ஸுக்கும், அதைக் கடல் காற்றிலிருந்து காப்பாற்றும் சாமான்களுக்கும். எனக்குத் தெரிந்து புதிதாக வாங்குகிறவர்களில் அநேகம் பேர் மொத்தப் பணத்தையும் பாடியில் கொட்டிவிட்டு, கூட வந்த 18-55 மி.மீ. லென்ஸோடு (இந்த எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்துவிட்டது என்று உன் அறைத் தோழர் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொல்வது உண்மைதான். சோனி 2021இலேயே டிஎஸ்எல்ஆரைக் கைவிட்டது. நிக்கானின் ஆரம்ப மாடலான டி3500 நின்று போயிற்று. கேனானும் நிக்கானும் புதிதாகச் செய்வதெல்லாம் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத ரகம். ஆனால் உனக்கு இது நல்ல காலம். ஆளாளுக்கு மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்களும் லென்ஸ்களும் விலை இறங்கிக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அதே பணத்துக்கு மிரர்லெஸ் தேடினால் பாடியோடு பணம் தீர்ந்துவிடும், தூர லென்ஸுக்கு மிஞ்சாது. இன்னொன்று, நம் கடற்கரை வெயில். அரிச்சல்முனையில் உச்சி வெயிலில் போன் திரையில் என்ன தெரிகிறது? கையை மறைப்பாக வைத்து ஒரு குத்துமதிப்பில்தான் எடுக்கிறோம். டிஎஸ்எல்ஆரின் கண்துளையில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சமே கண்ணாடியில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. எந்த வெயிலிலும் காட்சி தெளிவாகத் தெரியும், அதற்கு பேட்டரியும் செலவாகாது. வெளிச்சத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்கிற உனக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

எந்த மாடல் என்று கேட்டால் இரண்டைச் சொல்வேன். நிக்கான் டி5300, அல்லது கேனான் 750டி. முன்னது 2013இல் வந்தது, பின்னது 2015இல். பழசு என்று முகம் சுளிக்காதே. இரண்டும் 24 மெகாபிக்சல், இரண்டு அடி அகலத்துக்குத் தாராளமாகப் பிரின்ட் போடலாம். இரண்டிலும் பின்திரை வெளியே மடங்கித் திரும்பும். மணலில் படுக்காமலே கேமராவைத் தரையோடு தாழ்த்தி நண்டை எடுக்க அது வேண்டும். படம் பதியும் சென்சார் மேல் விழும் தூசியைத் தானே உதறிவிடும் அமைப்பும் இரண்டிலும் உண்டு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அதைவிடப் புதிய டி3500இல் அது கிடையாது. வேறு ஊரில் இருப்பவர்களுக்கு டி3500 அருமையான கேமரா, ஒரு சார்ஜில் 1,500 படத்துக்கு மேல் எடுக்கும். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் தனுஷ்கோடி மணல் எப்படிப் பறக்கும் என்று தெரிந்த நமக்கு மற்ற இரண்டும்தான் தோது.

நிக்கான் பக்கம் போனால் ஒரு விஷயத்தில் கவனம். டி5300, டி3500 போன்ற சின்ன பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, மோட்டார் லென்ஸுக்குள் இருக்க வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று போட்ட லென்ஸ்தான் தானாக ஃபோகஸ் ஆகும். 50 மி.மீ. எஃப் 1.8 டி என்ற பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டுவார்கள். அதை மாட்டினால் வளையத்தைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஏஎஃப்-பி லென்ஸ் வாங்கினால் டி5300இன் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளிருக்கும் மென்பொருளை, புதுப்பித்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. அந்தக் கம்பெனியின் இஎஃப், இஎஃப்-எஸ் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. கையில் பிடித்துப் பார்த்து எது பொருந்துகிறதோ அதை எடு, படத்தின் தரத்தில் உனக்கு வித்தியாசம் தெரியாது.

இனி லென்ஸ். நீ எழுதியிருந்த ஆசைகளை வரிசையாக யோசித்தேன். தனுஷ்கோடி இடிபாடு, மராமத்துக்குக் கரையேற்றிய படகு, உத்தரகோசமங்கை, பாம்பன் பாலம். இவை எல்லாவற்றுக்கும் 18-55 போதும், அதைத் தனியாகத் தேட வேண்டாம், பாடியோடு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். பலகை மாற்றுவதும் பெயின்ட் அடிப்பதும் வலை பொத்துவதுமாகக் கரையே பட்டறையாக இருக்கும். கேமராவைப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பொருள் ஓடாது, வெளிச்சம் மட்டும் மாறும். ஒரே படகைக் காலையிலும் சாயங்காலத்திலும் எடுத்துப் பார், எந்தப் பாடமும் சொல்லித் தராததை அது சொல்லிவிடும்.

பூநாரைக்குத்தான் 18-55 ஆகாது. மழைக்காலம் முடிந்து அவை கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் இறங்கும்போது நமக்கும் அவற்றுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். 55 மி.மீ.யில் வெள்ளைப் புள்ளிகள்தான் விழும். கேனான் என்றால் 55-250 எஸ்டிஎம், நிக்கான் என்றால் 70-300 ஏஎஃப்-பி விஆர் வாங்கு. இந்த கேமராக்களின் சென்சார் பழைய பிலிமைவிடச் சின்னது என்பதால் கேனானின் 250, பிலிம் கேமராவில் 400 மி.மீ. காட்டுவதைக் காட்டும், நிக்கானின் 300, 450 காட்டும். அந்த 400க்கு ஷட்டர் வேகத்தை 1/400 நொடியோ அதைவிட வேகமாகவோ வைத்தால் கை நடுக்கம் படத்தில் தெரியாது, பறக்கும் பறவைக்கு 1/1000ஐவிட வேகமாக. அதற்கும் எட்டாத தூரத்தில் இருந்தால் விட்டுவிடு, மாப்ளே. கிட்டே போய் எழுப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. இரை தேடி அவ்வளவு தூரம் வந்த பறவை அது. அந்த இடத்தை 2025இல் அரசு பூநாரைச் சரணாலயமாகவே அறிவித்துவிட்டது. ரோட்டோரத்தில் நின்று, அவை சேர்ந்து நடப்பதையும் தலையைக் கவிழ்த்து மேய்வதையும் எடு. அதுவே ஒரு பருவம் முழுக்கத் தீராது.

வீட்டுக்குள் பிள்ளைகளையும், பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்களையும் எடுக்க வேண்டும் என்றிருந்தாய். அங்கே வெளிச்சம் குறைவு, எஃப் 1.8 போல வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும் லென்ஸ் வேண்டும். கேனானில் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம், நிக்கானில் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி. ஆனால் இதை முதல் நாளே வாங்காதே. ஆறேழு மாதம் போகட்டும். எடுத்த படங்களை உட்கார்ந்து பார்த்தால் எந்த இடத்தில் கை கட்டுப்பட்டது என்று உனக்கே தெரியும், அப்போது வாங்கு. பாடி மாறிக்கொண்டே இருக்கும், நல்ல லென்ஸ் அடுத்த பாடிக்கும் கூட வரும்.

மதுரைக்குப் போகும்போது உன் மெமரி கார்டு ஒன்றையும் சின்ன டார்ச் லைட்டையும் எடுத்துக்கொள். டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பார். உள்ளே சிலந்தி நூல் போலப் படர்ந்திருந்தால் ஃபங்கஸ், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். லென்ஸ் துளையை எஃப் 16க்குச் சுருக்கி வைத்து வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் உள்ள அழுக்கு கரும்புள்ளிகளாகத் தெரியும். தூசி என்றால் துடைக்கலாம், கீறல் என்றால் வந்துவிடு. ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பது முக்கியம். இந்த ரக கேமராக்களில் ஒரு லட்சம் வரை தாங்கும் என்று கணக்கு. நிக்கானில் எடுத்த படக் கோப்புக்குள்ளேயே அந்த எண் இருக்கும். கேனானின் இந்த மாடல்களில் படத்தில் இருக்காது, கேமராவைக் கம்ப்யூட்டரில் மாட்டித்தான் பார்க்க வேண்டும், கடைக்காரரைப் பார்த்துச் சொல்லச் சொல். கல்யாணத்துக்கு ஓடிய கேமரா வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே தேய்ந்திருக்கும். வீட்டில் ஆசைக்கு வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுடையது கிடைத்தால் விடாதே. மெமரி கார்டு போடும் பள்ளத்தில் ஊசிகள் வளையாமல் இருக்கின்றனவா, பேட்டரி உப்பியிருக்கிறதா, ஃபிளாஷ் எழும்புகிறதா என்றும் பார். கடலோர ஊரிலிருந்து வந்த கேமரா என்றால் திருகாணிகளில் துரு இருக்கிறதா என்று கட்டாயம் பார்.

வாங்கிய பிறகுதான் நம் ஊரில் உண்மையான வேலை. உப்பு ஈரத்தை இழுக்கும். கரைக்குப் போய் வந்த கேமராவைக் காய்ந்த துணியால் துடைத்தால் உப்பு அப்படியே தங்கி அடுத்த நாள் மறுபடி பிசுபிசுக்கும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் பாடியை ஒற்றி எடுத்து, அப்புறம் உலர்ந்த துணி. லென்ஸ் கண்ணாடிக்கு முன்னால் ஒரு யுவி ஃபில்டர் மாட்டிவிடு, சாரல் அதில் படட்டும். இரவில் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. நிறம் மாறும் ரகமாக வாங்கினால் ஈரம் குடித்தது தெரியும், சூடேற்றி மறுபடி பயன்படுத்தலாம். யாராவது அரிசிக்குள் வை என்பார்கள், தவிடும் தூசும்தான் உள்ளே போகும். தோல் பையில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை, ஃபங்கஸுக்கு இருட்டும் ஈரமும்தானே வேண்டும். கரையில் நின்று லென்ஸ் கழற்றாதே, அன்றைக்கு எது வேண்டுமோ அதை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போ. ஏசி காரிலிருந்து இறங்கினால் கண்ணாடியில் ஆவி படியும், பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் விட்டு எடு.

வெளிச்சம் பற்றி ஒன்று மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன். வெயிலில் மணலும் தண்ணீரும் மின்னும்போது கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை, அதாவது படம் எவ்வளவு வெளிச்சமாக விழ வேண்டும் என்ற அளவை, 0.7 கூட்டி வை. கருந்தண்ணீரில் வெள்ளைப் பறவை சின்னதாக நிற்கும்போது நேர் எதிர், அதே அளவு குறை. இல்லாவிட்டால் இறகு வெளுத்துப்போய் வெறும் வெள்ளையாகிவிடும்.

பாசி எடுக்கத் தண்ணீரில் இறங்கும் பெண்களையும் கரைவலை இழுப்பவர்களையும் கேட்டுவிட்டு எடு. பிரின்ட் போட்டு ஒன்று கொண்டுபோய்க் கொடு, அடுத்த தடவை அவர்களே கூப்பிட்டு நிறுத்துவார்கள். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் பக்கம் கேமராவைத் தூக்காதே. குருசடைத் தீவு மாதிரி மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் யார் வள்ளத்திலும் ஏறிப் போய்விடாதே. படகில் போய் எடுக்க ஆசை என்றால் தொண்டிப் பக்கம் காரங்காடு அலையாத்திக் காட்டுக்கு வனத்துறையே கூட்டிப் போகிறது. உம்மாவையும் அழைத்துப் போகலாம்.

வரும் தேதி முடிவானதும் எழுது. மதுரைக்கு நானும் வருகிறேன், டார்ச் என்னிடம் இருக்கிறது. விமானத்தில் வரும்போது வாங்கத் தோன்றினால் கேமராவை விட்டுவிட்டு இரண்டு நல்ல மெமரி கார்டு மட்டும் வாங்கி வா, 64 ஜிபி போதும். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
முருகேசன்