தம்பிக்கு, அப்பாவோட மளிகை விஷயமா

தம்பி,

அப்பாவுக்கு மாசாமாசம் வீட்டுக்கு வர்ற மளிகை ஆர்டர நான் நிறுத்திட்டேன். போன வாரமே நிறுத்தியாச்சு. போன்ல சொல்லலாம்னு தான் நினைச்சேன், ஆனா போன்ல ஆரம்பிச்சா நீ குறுக்க பேசுவ, எனக்கு கோவம் வரும், கடைசில யாராவது ஒருத்தர் பட்டுன்னு வச்சிடுவோம். அதனால எழுதுறேன். பொதுவுல ஏன் எழுதுறன்னு கேப்ப. நம்மள மாதிரி தூரத்துல இருந்துக்கிட்டு வயசான அப்பா அம்மாவுக்கு சாமான் அனுப்பி வைக்கிறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்க கண்ணுலயும் படட்டும். சொந்தக்காரங்களும் படிப்பாங்கன்னு தெரியும், அதனால சிலத இங்க எழுத மாட்டேன். அம்மாவோட கடைசி மாசங்கள பத்தி ஒரு வார்த்தை கூட எழுத மாட்டேன், அது நமக்குள்ளயே இருக்கட்டும்.

அடுத்த வாரத்தோட அம்மா போயி ரெண்டு வருஷம்.

அப்பா தனியா கடைக்கு போக ஆரம்பிச்சதே அதுக்கப்புறம் தானே. 74 வயசுல ஒரு மனுஷன் முதல் தடவையா தக்காளி பொறுக்க கத்துக்கிட்டாரு. தினமும் போவாரு. இன்னிக்கு ரெண்டு தக்காளி, நாளைக்கு அரை லிட்டர் பால், அடுத்த நாள் வெறும் நாலு வாழைப்பழம். உனக்கு அது வெட்டி அலைச்சலா தெரிஞ்சுது, "ஒரே நாள்ல எல்லாத்தையும் வாங்கி வச்சா என்ன, எதுக்கு டெய்லி ரோட தாண்டணும்"னு கேட்ட. பயப்பட வேண்டிய விஷயம் தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீ கடைசியா வந்தப்ப மூணு பேரும் அந்த பெரிய கடைக்கு போனோமே, அந்த நாள் என் மனச விட்டு போகவே மாட்டேங்குது.

நீ ட்ராலிய தள்ளிக்கிட்டு முன்னாடி போயிட்ட. மறுநாள் ஊருக்கு கிளம்பணும், அதுக்குள்ள அவருக்கு வேணுங்கிறத எல்லாம் வாங்கி போட்டுடணும்னு உனக்கு அவசரம், அது எனக்கு புரியாம இல்ல. அப்பா முட்டை இருந்த இடத்துல நின்னுட்டாரு. ஆறு முட்டை உள்ள ஒரு அட்டைய எடுத்து, மூடிய திறந்து, ஒவ்வொரு முட்டையா விரல் நுனியால லேசா திருப்பி பாத்தாரு. அசையாம அட்டையோட ஒட்டிக்கிட்டு இருந்தா அடில உடைஞ்சு ஒழுகியிருக்குன்னு அர்த்தமாம், அவர் வழக்கமா போற சின்ன கடைல தான் யாரோ சொல்லி குடுத்திருக்காங்க. அப்புறம் ஓரத்துல அச்சடிச்சிருந்த தேதிய படிக்க அட்டைய கை நீட்டி தள்ளி புடிச்சாரு, கண்ணு கிட்ட கொண்டு வந்தாரு, மறுபடி தள்ளி புடிச்சாரு. கண்ணாடி சட்டை பாக்கெட்ல தான் இருந்துச்சு. அத எடுக்குறதுக்குள்ள நீ வந்துட்ட. "ஆறு எந்த மூலைக்குப்பா, முப்பதா வாங்கிடலாம்"னு சொல்லி அவர் கைல இருந்தத வாங்கி அடுக்குல வச்சுட்டு, பெரிய தட்ட தூக்கி ட்ராலில போட்ட. அப்பா ஒண்ணும் சொல்லல. வெறும் கைய கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்தாரு, அப்புறம் பாக்கெட்ல விட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம் நீ எத எடுத்து காட்டி வேணுமான்னு கேட்டாலும் "உனக்கு எது சரின்னு படுதோ எடுத்துக்கப்பா" தான். பில் போடுற இடத்துல பர்ஸ வெளிய எடுத்தாரு, நீ அதுக்குள்ள போன காட்டி கட்டி முடிச்சிட்ட.

நீ நல்ல எண்ணத்துல தான் பண்ண. அவர் நல்லா சாப்பிடணும்னு தானே. நானும் பக்கத்துல தான் நின்னேன், வாய திறந்து ஒரு வார்த்தை சொல்லல, உன்ன மட்டும் சொல்லி என்ன. ஆனா அன்னிக்கு ராத்திரியே நீ அந்த ஆப்ல மாச ஆர்டர் போட்டு வச்சிட்டு போயிட்ட பாரு, அதுல இருந்து அவர் கடைக்கு போற பழக்கமே விட்டு போச்சு. "அதான் எல்லாம் வருதே"ங்கிறாரு.

எல்லாம் வருது. வந்து என்ன ஆகுதுன்னு நீ பாக்கல, நான் பாக்குறேன். அஞ்சு லிட்டர் எண்ணெய் கேன அவரால சாய்ச்சு புடிக்க முடியல, சின்ன பாட்டில்ல ஊத்த போயி தரையெல்லாம் எண்ணெய், தெய்வாதீனமா வழுக்கி விழல, நான் போயி தான் துடைச்சேன். ஜாம் பாட்டில் மூடிய திறக்க கைல வலு பத்தல, அப்படியே உக்காந்திருக்கு. பிளாஸ்டிக் கவர பல்லால கடிச்சு கிழிக்க பாக்குறாரு, அந்த பல்லு இருக்குற நிலைமைக்கு. மொத்தமா வந்து இறங்குற காய்ல பாதி ஃப்ரிட்ஜுக்குள்ள தண்ணி விட்டுடுது, தூக்கி போட மனசு வராம அழுகுன பக்கத்த வெட்டிட்டு மிச்சத்த சமைக்கிறாரு, இல்லன்னா பிரெட்ட டீல நனைச்சு தின்னுட்டு படுத்துடுறாரு. ஒரு ஆளுக்காக அடுப்பு பத்த வைக்கணுமான்னு கேக்குறாரு. கூட ஆள் உக்காந்தா மனுஷன் தன்னால ரெண்டு வாய் அதிகமா சாப்பிடுவான்னு ஆய்வு பண்ணியே சொல்லியிருக்காங்க, அவருக்கு அந்த கூட ஆள் தான் இல்ல.

போன வருஷம் 64 கிலோ. இப்ப 59. இத உன்கிட்ட சொன்னப்ப "நல்லது தானே, லைட்டா இருக்கட்டும்"னு சொன்ன. அந்த வார்த்தைய என்னால இன்னும் ஜீரணிக்க முடியல தம்பி. உனக்கு அஞ்சு கிலோ குறைஞ்சா அது நீ பட்ட பாட்டுக்கு கிடைச்ச பலன். எந்த முயற்சியும் இல்லாம வயசானவங்களுக்கு ஆறு மாசம், ஒரு வருஷத்துல உடம்பு எடைல 5 சதவீதத்துக்கு மேல குறைஞ்சாலே டாக்டர்கிட்ட காட்டணும், அப்பாவுக்கு கிட்டத்தட்ட 8 சதவீதம். குறையுறது கொழுப்பு மட்டும் இல்ல, தசையும் சேந்து தான் போகுது, நாற்காலில இருந்து எந்திரிக்கிறதுக்கும் தடுக்குனா விழாம நிக்கிறதுக்கும் அந்த தசை தான் வேணும்.

நீ அனுப்புன லிஸ்ட்ட எடுத்து பாரு, கொழுப்பு எடுத்த பால், ஓட்ஸ், முட்டைல வெள்ளை மட்டும் சாப்பிட சொல்லி ஒரு குறிப்பு வேற. அது உன்னோட லிஸ்ட் டா. 44 வயசுல சுகர் வந்துடுமோன்னு பயப்படுற ஒருத்தனுக்கான லிஸ்ட். 2021ல சயின்ஸ் பத்திரிகைல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, 6,400 பேருக்கு மேல, கைக்குழந்தைல இருந்து 95 வயசு வரைக்கும். 20ல இருந்து 60 வரைக்கும் உடம்பு செலவு பண்ற சக்தி, உடம்போட அளவ கணக்குல வச்சு பாத்தா, பெருசா மாறுறதே இல்லயாம், 60க்கு மேல தான் வருஷத்துக்கு சுமார் 0.7 சதவீதம் குறையுது. சரி, அப்ப அப்பாவுக்கு கலோரி கொஞ்சம் கம்மியா போதும்னு வச்சுக்கோ. ஆனா புரதம் கம்மியா போதாது, அது அதிகமா வேணும். நமக்கெல்லாம் ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம்னு சொல்லுவாங்க, 65 வயசுக்கு மேல 1ல இருந்து 1.2 கிராம் வரைக்கும் சாப்பிட சொல்றாங்க. அவர் எடைக்கு ஒரு நாளைக்கு 59ல இருந்து 71 கிராம். ஒரு முழு முட்டைல இருக்குறதே 6 கிராம் தான், அதுலயும் மஞ்சள் கருவ எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்? சின்ன வயிறாயிடுச்சு அவருக்கு, நாலு வாய்லயே நெறஞ்சிடுது, அந்த நாலு வாய்ல தான் எல்லாத்தையும் அடக்கணும். அவர பாக்குற டாக்டர் முழு முட்டையும் முழு பாலும் குடுங்கன்னு சொல்லிட்டாரு. உனக்கு இதுல சந்தேகம் இருந்தா அவர்கிட்டயே பேசு.

இன்னொண்ணு, நாக்கு. எது சாப்பிட்டாலும் சப்புன்னு இருக்குங்கிறாரு. மூக்கோட வாசனை அறியிற சக்தி குறைய குறைய ருசியும் மங்கிடும், பிரஷர் மாத்திரை சிலதுக்கும் நாக்கு ருசிய மாத்துற குணம் உண்டு. அதனால உப்ப அள்ளி போடுறாரு. எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது அவர் ஒரு வேளைக்கே ஆயிடும் போல. நான் எலுமிச்சை, மிளகு, பூண்டுன்னு வாசனைய கூட்டி பாக்குறேன், கொஞ்சம் பரவால்ல. தண்ணியும் கேட்டு கேட்டு தான் குடுக்கணும். 1984லயே ஒரு ஆய்வுல 24 மணி நேரம் தண்ணி குடுக்காம வச்சு பாத்திருக்காங்க, வாலிபப் பசங்க அளவுக்கு 67லருந்து 75 வயசுக்காரங்களுக்கு தாகமே எடுக்கல. நல்ல ஆரோக்கியமா இருந்தவங்களுக்கே அப்படி. "தாகம் எடுத்தா குடிக்க மாட்டாரா"ன்னு நீ ஒரு நாள் கேட்டல்ல, அதுக்கு சொல்றேன்.

உனக்கு பதினாறு வயசுல என்ன பசி பசிச்சுது ஞாபகம் இருக்கா. ராத்திரி எல்லாரும் தூங்குனப்புறம் ஃப்ரிட்ஜ் வெளிச்சத்துல நின்னுக்கிட்டே ஒரு முழு பிரெட் பாக்கெட்ட முடிச்சிடுவ. காலைல டிபன் பாக்ஸுக்கு பிரெட் இல்லன்னு அம்மா கத்துவாங்க. அப்பா உன்ன ஒண்ணும் கேக்கல, அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து ரெண்டு பாக்கெட்டா வாங்கிட்டு வர ஆரம்பிச்சாரு, அவ்ளோ தான். அது உனக்கு தெரியவே தெரியாதுன்னு நினைக்கிறேன், கைல காசு இல்லாத நேரம் அது. வளர்ற உடம்பு கேக்குது, குடுக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லி குடுக்கல. உன் பசிய ஒரு நாளும் கணக்கு கேக்காத மனுஷன் டா அவர். அவர் வாங்குற ரெண்டு தக்காளிக்கு நீ கணக்கு கேட்ட.

கடுமையா எழுதிட்டேனோ. எழுதுனது எழுதுனதா இருக்கட்டும், அழிக்கல.

எல்லாருக்கும் மாறுது. இருபதுல கைக்கு கிடைச்சத வாங்கினோம், குழந்தைங்க வந்தப்புறம் நமக்கு என்ன புடிக்கும்ங்கிறதே மறந்து போயி அதுங்களுக்கு புடிச்சதா வாங்கினோம். என் பொண்ணு ஹாஸ்டலுக்கு போனப்புறமும் ரொம்ப நாளைக்கு நான் அதே அளவுல வாங்கிட்டு வந்து வீணடிச்சேன், இப்ப தான் கை கொஞ்சம் சுருங்கியிருக்கு. நீ பாக்கெட்ட திருப்பி சர்க்கரை எவ்ளோன்னு பாக்குற. அப்பா தேதிய பாக்குறாரு, அளவ பாக்குறாரு, தன்னால தூக்க முடியுமான்னு பாக்குறாரு. அவர் சின்ன பாக்கெட் வாங்குறத நாம கஞ்சத்தனம்னு பேசுனோம், நானும் தான் பேசுனேன். அது அவர் கையும் வயிறும் சேந்து போட்ட கணக்கு.

கடைக்கு போறதுல என்ன பெருசா இருக்குன்னு கேப்ப. தைவான்ல 65 வயசுக்கு மேல உள்ள 1,841 பேர பல வருஷம் கவனிச்சு 2011ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தினமும் கடைக்கு போனவங்க இறந்து போற வாய்ப்பு, எப்பவாவது போனவங்கள விட 27 சதவீதம் குறைவு. நடக்க தெம்பு இருக்குறவங்க தானே தினமும் போவாங்க, அதனால அப்படி வந்திருக்கும்னு நீ உடனே சொல்லுவ. உடம்பு நிலைமை, வருமானம் இதெல்லாம் கணக்குல கழிச்சு தான் பாத்திருக்காங்க, இருந்தாலும் கடைக்கு போனதால தான் ஆயுசு கூடுச்சுன்னு அத வச்சு அடிச்சு சொல்ல முடியாது, ஒத்துக்குறேன். எனக்கு ஆய்வு ரெண்டாம் பட்சம். கடைக்கு போன காலத்துல அவர் சட்டை மாத்துவாரு, தலை சீவுவாரு, போயிட்டு வந்து யார பாத்தேன் என்ன பேசுனேன்னு எனக்கு போன் பண்ணுவாரு, தானே பொறுக்கி வாங்குன காயா இருந்தா அத சமைச்சு சாப்பிடவும் செய்வாரு. ஆர்டர் வர ஆரம்பிச்சப்புறம் கதவ திறந்து டப்பாவ உள்ள இழுத்து வைக்கிறதோட சரின்னு ஆயிடுச்சு. நீயும் போன் பண்ணா முதல் கேள்வி "டெலிவரி வந்துச்சாப்பா". சாப்பிட்டீங்களான்னு கேக்குறது எப்பவோ நின்னு போச்சு.

உன்ன கேக்காம நிறுத்துனது தப்பா தெரிஞ்சா மன்னிச்சுக்கோ. கேட்டிருந்தா நீ விட்டிருக்க மாட்ட. அங்க இருந்து உன்னால முடிஞ்சது அதுதான்னு எனக்கு தெரியும், மாசம் அந்த டப்பா வந்து இறங்குச்சுன்னு மெசேஜ் வந்தா தான் உனக்கு தூக்கமே வரும்னு உன் பொண்டாட்டி சொன்னா. அத கேட்டப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. ஆனா உன் நிம்மதிக்காக அவர் வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்க முடியாது தம்பி, பக்கத்துல இருந்து பாக்குறவ நான்.

இப்ப ஏற்பாடு இது தான். அரிசி, எண்ணெய் மாதிரி கனமானதெல்லாம் மாசம் ஒரு தடவ நான் கொண்டு போயி சின்ன பாட்டில்லயும் டப்பாலயும் பிரிச்சு வச்சிடுவேன், என்ன வாங்கணும்னு லிஸ்ட் அப்பா தான் எழுதுவாரு. பால், காய், முட்டை, பழம் இதெல்லாம் அவரே போயி வாங்கிக்குவாரு, கூட்டம் இல்லாத காலை நேரத்துல. சக்கரம் வச்ச பை ஒண்ணு வாங்கி குடுத்திருக்கேன், மொதல்ல வேணாம்னாரு, இப்ப இழுத்துக்கிட்டு போறாரு. மாசாமாசம் எடை பாத்து உனக்கு அனுப்புறேன். B12 வைட்டமின் டெஸ்ட்டும் எடுக்க சொல்லியிருக்காங்க, வயசானா சாப்பாட்டுல இருந்து அது சரியா உடம்புல சேராதாம்.

நீ வர்றப்ப அவர் கூட அந்த சின்ன கடைக்கு போ. பைய அவரா குடுத்தா வாங்கிக்கோ, குடுக்கலன்னா விட்டுடு. தேதி படிக்க நேரம் ஆச்சுன்னா நில்லு.

அப்புறம் அந்த ஆப்ல உன் கார்டு இன்னும் இருக்கு, எடுத்துடு, நான் நிறுத்துனது போக, அடுத்த மாசம் அதுவா மறுபடி ஆர்டர் போட்டுடுமோன்னு பயமா இருக்கு.

அக்கா