மருத்துவரை மருத்துவரே விசாரிக்கும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் 32 ஆண்டுகள் அறுவைச் சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மருத்துவத் தொழிலைக் கண்காணிக்கும் அமைப்புகள் அண்மைக் காலத்தில் ஒவ்வொன்றாக மாற்றியமைக்கப்பட்டு வருகின்றன. அந்த மாற்றம் ஏன் வந்தது, எந்த இடத்தில் அது வழி தவறியிருக்கிறது என்பது பற்றி என் கருத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாக வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒரு தொழிலுக்குள் யார் வரலாம், வந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், தவறினால் என்ன தண்டனை என்பவற்றை அந்தத் தொழிலைச் செய்பவர்களே தமக்குள் ஒரு குழுவின் மூலம் முடிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருவதையே சுயஒழுங்குமுறை என்கிறோம். இங்கிலாந்தில் 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் பொது மருத்துவ கவுன்சிலை இந்த அடிப்படையில்தான் ஏற்படுத்தியது. முறையாகப் படித்த மருத்துவர் யார், படிக்காதவர் யார் என்பதைச் சிகிச்சை தேடும் மக்கள் பிரித்தறிய வேண்டும் என்பதே தன் நோக்கம் என்று அந்தச் சட்டம் தன் முகப்பிலேயே சொல்கிறது. அதே வழியில் சென்னை மாகாணத்தில் 1914இல் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. இன்றைய தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் அதன் வழி வந்ததே. மருந்துச் சீட்டின் தலைப்பில் அச்சாகியிருக்கும் பதிவு எண் மருத்துவரின் பெருமைக்காக ஏற்பட்டதன்று, நோயாளியின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது என்பதை மருத்துவர்களாகிய நாங்களே பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தில் உண்மை இருக்கிறது. பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கருவிகளைச் செலுத்திச் செய்யும் முறை) மூலம் அகற்றும்போது, கைதேர்ந்த மருத்துவர் மிகுந்த கவனத்துடன் செய்தாலும் பித்தக் குழாயில் காயம் ஏற்பட்டுவிடக்கூடும்; அழற்சியால் உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே, காயம் ஏற்பட்டது என்பதை மட்டும் வைத்து அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வயிறு உப்பி, காய்ச்சல் வந்து, கண் மஞ்சளாகத் தொடங்கிய பிறகும் ஸ்கேன் எடுக்காமல், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பாமல், வாயு என்று சொல்லி நாட்களைக் கடத்தினால் அது தவறுதான். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்து பழகிய ஒருவரால்தான் முடியும். அதனால் விசாரணைக் குழுவில் மருத்துவர்கள் இருந்தே ஆக வேண்டும்; இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஆனால் நோயாளிகளின் புகார்களில் எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. நான் ஓய்வு பெற்ற பின் ஒரு பெண்மணி என்னைத் தேடி வந்தார். கணவர் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்துவிட்டார். கேஸ் ஷீட் எனப்படும் சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேலாக அலைந்தும் கிடைக்கவில்லை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்வதை எடுத்துக் கூறி, மாநில மருத்துவ கவுன்சிலுக்கு மனு எழுதித் தருவதாகச் சொன்னேன். விசாரிப்பவர்கள் யார் என்று அவர் கேட்டார், மருத்துவர்கள் என்றேன். "டாக்டர் செஞ்சத டாக்டருங்களே விசாரிச்சா, எங்க பக்கம் பேச யாருங்க ஐயா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, மனு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆவணம் தரப்பட்டதா இல்லையா, ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டதா, புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி காக்கப்பட்டதா என்பவற்றைத் தீர்மானிக்க எம்.பி.பி.எஸ். பட்டம் தேவையில்லை. ஒரு பள்ளி ஆசிரியரோ ஓய்வு பெற்ற நீதிபதியோ இவற்றை எங்களைவிட நன்றாகவே தீர்மானிப்பார்கள்.

மக்களின் இந்த அவநம்பிக்கை நேற்று முளைத்ததன்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாது, தங்களைக் கட்டுப்படுத்தக் கவுன்சில்கள் இருக்கின்றன என்று மருத்துவர்கள் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டபோது, கவுன்சிலின் ஒழுங்கு அதிகாரம் அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதல் ஆகாது என்று கூறி நீதிமன்றம் 1995இல் அதை ஏற்க மறுத்தது. 2010 ஏப்ரலில், நாடு முழுவதற்குமான அமைப்பாக இருந்த இந்திய மருத்துவ கவுன்சிலின் தலைவரே மத்தியப் புலனாய்வுத் துறையால் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே அவசரச் சட்டத்தின் மூலம் அந்தக் கவுன்சில், மத்திய அரசு நியமித்த ஆட்சிக் குழு ஒன்றின் கையில் ஒப்படைக்கப்பட்டது. ஒழுங்குபடுத்தப்பட வேண்டியவர்களே ஒழுங்குபடுத்துபவர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை 2016இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் குறை கூறியது. 2018இல் கவுன்சில் மீண்டும் கலைக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டின் சட்டப்படி 2020 செப்டம்பரில் அதன் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் நடைமுறைக்கு வந்தது. துணை மருத்துவத் தொழில்களுக்கு 2021இலும், செவிலியர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் 2023இலும் இதே போன்ற ஆணையச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

இங்கிலாந்திலும் மாற்றம் இப்படித்தான், ஆனால் இதைவிடக் கொடிய ஒரு நிகழ்வால் வந்தது. மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த ஹெரால்ட் ஷிப்மன், தன் நோயாளிகளில் 15 பேரைக் கொன்றதாக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார்; கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று பின்னர் நடந்த விசாரணை கண்டறிந்தது. அதே மனிதர் போதை தரும் வலி நீக்கியான பெத்திடின் மருந்துக்காகப் போலி மருந்துச் சீட்டு எழுதிய குற்றத்துக்காக 1976லேயே நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டிருந்தார் என்பதும், அப்போது கவுன்சில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு அவரைத் தொழிலில் தொடர விட்டது என்பதும்தான் ஒரு மருத்துவனாக என்னை இன்றும் உறுத்துகின்றன. சக மருத்துவர் மீது நாங்கள் காட்டும் இரக்கம் யாருடைய தலையில் விடியும் என்பதை அது காட்டிவிட்டது. அதன் பிறகு அங்கே கவுன்சிலுக்கான தேர்தலையே கைவிட்டார்கள். 2009 முதல் மருத்துவர்களும் மருத்துவர் அல்லாத பொதுமக்களும் சரிபாதியாக நியமிக்கப்படுகிறார்கள். இன்று 12 உறுப்பினர்களில் 6 பேர் பொதுமக்கள். 2012 முதல் மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம் தகுதியை மறு உறுதி செய்துகொள்ளவும் வேண்டும்.

நம் நாட்டில் நடந்தது அதுவன்று. மருத்துவர்களின் கையில் இருந்த அதிகாரம் மக்களிடம் பகிரப்படாமல், பெரும்பகுதி மத்திய அரசின் கைக்குப் போயிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 33 உறுப்பினர்களில், மேலாண்மை, சட்டம், பொருளாதாரம், நோயாளர் உரிமை எனப் பல துறைகளுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டிருப்பவை மூன்றே இடங்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, மாநில கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட மருத்துவருக்கு மேல்முறையீட்டு உரிமையை வெளிப்படையாக எழுதித் தருகிறது. புகார் கொடுத்த நோயாளிக்கு அப்படி எழுதித் தரவில்லை. தேர்தல் முறையின் குறையைச் சரிசெய்யப் புறப்பட்ட ஒரு சட்டத்தில் நோயாளியின் பெயர் விட்டுப்போனதை என்னால் சிறு பிழையாகக் கருத முடியவில்லை.

வெளியாட்களை உள்ளே விட்டால் மருத்துவர்கள் பயந்து, ஆபத்தான நோயாளிகளைத் தொடவே தயங்குவார்கள் என்று என் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் கவுன்சிலில் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத குடும்பம்தான் காவல் நிலையத்துக்குப் போகிறது, சில நேரம் மருத்துவமனைக் கண்ணாடியை உடைக்கிறது. மருத்துவமனைகள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008லேயே சட்டம் வந்தும் இளம் மருத்துவர்கள் அச்சத்தோடுதான் இரவுப் பணிக்குப் போகிறார்கள்.

ஒழுங்கு நடவடிக்கையின் முதல் படி இன்றும் மாநில கவுன்சில்தான் என்பதால், நம் மாநில அரசு செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. விசாரணைக் குழுக்களில் பாதி இடங்களை மருத்துவர் அல்லாதவர்களுக்கு ஒதுக்க வேண்டும்; சிகிச்சை நுட்பம் பற்றிய கேள்விக்கு அந்தந்தத் துறை மருத்துவரின் எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெற்று, அதன் நகலை இரு தரப்புக்கும் தர வேண்டும். குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், நோயாளியின் பெயரை மறைத்து, காரணங்களோடு கூடிய முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். என்னிடம் வந்த அந்தப் பெண்மணி போன்றவர்கள் அதைப் படித்துப் பார்த்து, மனு கொடுக்கலாமா வேண்டாமா என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவர்,
பாளையங்கோட்டை.