சாவியைப் பற்றி நீ கேட்கவில்லை

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று உன் ஆய்வுக்கான ஒத்திகை நேர்காணலுக்கு நான் உட்கார்ந்தேன் அல்லவா, அப்போதிருந்து ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே பதில் சொல்லிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

ஓய்வு பெற்ற நாளைப் பற்றிக் கேட்டாய். "அன்னைக்கு வீட்டுக்கு வரவே மனசில்லை" என்று சொல்லி நிறுத்தினேன். இரண்டு நொடி இருக்குமா? நீ தாளைப் பார்த்தாய். "சரிப்பா, இப்ப நேரம் எப்படிப் போகுது?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாய். அலமாரிச் சாவியை ஒப்படைக்க மனம் வராமல் மாடிப்படியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்த கதை தொண்டை வரை வந்திருந்தது. அப்படியே உள்ளே போய்விட்டது. உன் ஆய்வே பணி ஓய்வைப் பற்றித்தானே அம்மா!

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லையென்றால் என் வார்த்தையையே திருப்பி, "வரவே மனசில்லையா?" என்றால் போதும். "ஏன்" என்று கேட்காதே. கேட்டால் ஆள் காரணம் தேடுவான், நடந்ததைச் சொல்ல மாட்டான்.

இன்னொன்று. "தனிமையா இருந்துச்சா?" என்று கேட்டாய், நானும் ஆமாம் என்றேன். தனிமை உன் சொல், என் வாயிலிருந்து வரவில்லை. நாளை கோடிங் செய்யும்போது, அதாவது பதில்களைக் கருத்துவாரியாகப் பிரித்துப் பெயரிடும்போது, அது என் அனுபவமாகப் பதிந்துவிடும். எனக்கு இதுதான் பெரிய கவலை.

எத்தனை பேரிடம் பேசினால் போதும் என்று கேட்டிருந்தாய். கிரெக் கெஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் கானா, நைஜீரியாவில் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை அலசி, பெரும்பாலான கருப்பொருள்கள் முதல் 12 நேர்காணல்களிலேயே வந்துவிட்டதாக 2006இல் எழுதினார்கள். அந்த 12ஐ எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களிடம், ஏறக்குறைய ஒரே கேள்விகளை வைத்து. உன் பட்டியலில் காவலாளியும் இருக்கிறார், மேலாளரும் இருக்கிறார். புதிதாக எதுவும் வராமல் போகும் வரைக்கும் கேட்டுக்கொண்டே போ.

பதிவை நீயே கேட்டு எழுது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும், சலிக்காதே. நிறுத்தங்களையும் குறித்துக்கொள். என் காலத்தில் டேப்பை முன்னும் பின்னும் ஓட்டி எழுதும்போதுதான், எங்கே அவசரப்பட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடு. அந்தச் சாவியை அப்புறம் என்ன செய்தேன் என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா