தண்ணீர்ப் பாரம்

ஓமன்,
ஜூன் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமா? பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஆலைக்குப் போகத் தொடங்கியிருக்கும். இந்த வருடம் விலை என்ன என்று எழுதுங்கள்.

போன வாரம் பணியில் இருக்கும்போது தீயணைப்பு வண்டியைச் சேற்றில் இறக்கிவிட்டேன். பாலைவனத்தில் ஏது சேறு என்று கேட்பீர்கள். இங்கே ‘சப்கா’ என்றொரு நிலம் உண்டு. அடியிலிருக்கும் உப்புநீர் மேலேறி வெயிலில் ஆவியாகும்போது, உப்பு மட்டும் தங்கி மேற்பரப்பு ஓடுபோல இறுகிவிடுகிறது. பார்வைக்குக் கேழ்வரகு அடிக்கும் களம் போலவே இருக்கும். ஆள் நடந்தால் தாங்கும். தண்ணீர் மட்டுமே 6,000 லிட்டர், அதாவது 6 டன், சுமக்கும் வண்டியை அது தாங்காது.

தொழிலாளர் குடியிருப்புக்குப் பின்னால் ஜெனரேட்டர் கொட்டகையில் தீ என்று அழைப்பு வந்தது. சாலை சுற்றிக்கொண்டு போகிறது. புகையோ கண்ணுக்கு நேரே தெரிகிறது. நான்கு நிமிடம் மிச்சமாகும் என்று சாலையை விட்டு இறங்கினேன். இறங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். பாரூர் ஏரியில் வண்டல் அள்ளப் போன நாளில், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும், மிதிக்க மிதிக்க அது குழிதான் தோண்டும் என்று நீங்கள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் மூன்று முறை மிதித்தேன். பின் அச்சு மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

இரண்டாவது வண்டி சாலை வழியாகப் போய்த் தீயை அணைத்தது, யாருக்கும் காயமில்லை. அந்த நேரம் முழுவதும் தொட்டி நிறையத் தண்ணீருடன் நான் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாரத்தைக் குறைக்கத் தண்ணீரைக் கொட்டிவிடும்படி அதிகாரி சொன்னார். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு அந்த வால்வைத் திறக்கக் கை வரவில்லை. வண்டிக்கு அடியில் விட்டால் நிலம் இன்னும் இளகும் என்பதால், குழாயை நீட்டி வெகுதூரம் தள்ளிப் பீய்ச்சினோம். பிறகு டயர்களில் காற்றைக் குறைத்து, சக்கரத்தின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டி, பலகைகளைச் செருகினோம். கெட்டித் தரையில் நின்ற லோடர், நீளமான கம்பி வடத்தால் எங்களை வந்த தடத்திலேயே பின்னோக்கி இழுத்தது. முன்னால் எப்படிப்பட்ட நிலம் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் இருந்ததாவது ஒருமுறை எங்களைத் தாங்கிய நிலம். எல்லாம் முடிய ஐந்து மணி நேரம் ஆனது.

விசாரணையில் தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. மணலில் ஓட்டும் பயிற்சியைப் பத்து நாள் மறுபடியும் முடிக்க வேண்டும். அதுவரை ஓவர்டைம் கிடையாது என்பதால் அடுத்த மாதம் பணம் குறைவாகத்தான் வரும். அம்மா காரணம் கேட்டால் வண்டி சேற்றில் இறங்கியதைச் சொல்லுங்கள். தீயைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்