குளத்தில் கம்பூசியா விடும் முன்

பேரூராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். டெங்குவைத் தடுக்க நம் ஊர்க் குளத்தில் கம்பூசியா மீன் விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். கொசு ஒழிய வேண்டும், சரி. விடுவதற்கு முன் ஒரு நாள் காலையில் படித்துறைப் பக்கம் வாருங்கள்.

கடைசிப் படியில் அசையாமல் உட்கார்ந்தால், கொடிப்பாசி ஓரத்தில் வெள்ளிப் பொட்டுகள் நகர்வது தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மீனின் உச்சந்தலை. சிறுவயதில் நாங்கள் பொட்டு மீன் என்போம். அறிவியல் பெயர் அப்லோகைலஸ். விரல் நீளம்தான். தட்டை முதுகு, மேல்நோக்கிய வாய். நீர்ப்பரப்பில் தொங்கும் கொசுப்புழுவைப் பிடிக்க வாகான உடம்பு. கம்பூசியா செய்யும் என்று நீங்கள் எதிர்பார்க்கிற வேலையை அது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது, செலவில்லாமல்.

கம்பூசியா அமெரிக்க மீன். மலேரியாவுக்காக 1928இல் இந்தியாவுக்கு வந்தது. கொசுப்புழுவோடு நிற்காது, மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தலைப்பிரட்டை எல்லாவற்றையும் தின்னும், பெரிய மீன்களின் துடுப்பைக்கூடக் கடித்துக் குதறும். பொட்டு மீன் பாசியில் முட்டை ஒட்டிவைத்துப் பல நாள் காத்திருக்க வேண்டும். கம்பூசியாவோ நேராகக் குட்டி போடும். எது மிஞ்சும்? உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் கம்பூசியாவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் குளம் நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கும் போய்விடும். அப்புறம் வலை போட்டெல்லாம் தீராது.

இன்னொன்று, டெங்குக் கொசு குளத்தில் வளர்வதில்லை. வீட்டுத் தொட்டி, மூடாத டிரம், பழைய டயர், கொட்டாங்குச்சி, இவைதான் அதன் இடம். குளத்து மீன் டிரம்முக்கு ஏறி வராதே! மீனுக்கு ஒதுக்கிய பணத்தில் வீட்டு டிரம்களுக்கு மூடி வாங்கிக் கொடுக்கலாம். திறந்த சிமென்ட் தொட்டிக்கு மீன் விட்டே ஆக வேண்டுமென்றால், இங்கிருந்தே பத்துப் பொட்டு மீனைப் பிடித்துப் போடுங்கள்.

குளத்துக்கென்று கேட்பது கொஞ்சம்தான். மேற்குக் கரைக்குக் கல் பதித்த பிறகு அந்தப் பக்கம் ஒரு பொட்டுகூடக் கண்ணில் படவில்லை. வடக்குக் கரையையாவது மண்ணாகவே விடுங்கள். அடுத்த முறை பாசி வார ஆள் வரும்போது, கரையோரம் இரண்டு முழம் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குளத்துத் தெருவாசி