செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்கட்கும் பொதுச்சபை அங்கத்தவர்கட்கும் வணக்கம்.

எமது புகையிரதப் பயணிகள் சங்கத்தின் கடந்த ஆண்டுச் செயற்பாடுகளை இச்சபை முன் சமர்ப்பிக்கிறேன். செயற்குழுக் கூட்டங்கள் வழமைபோல் நடைபெற்றன. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் தமது அறிக்கையில் கூறுவார் என்பதால் அதனை இங்கு தவிர்க்கிறேன்.

இவ்வாண்டின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிந்தது. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் வடக்குப் புகையிரதப் பாதையில், இந்தியக் கடனுதவியுடன் மாகோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீற்றர் பகுதியைப் புனரமைக்கும் பணி இரு கட்டங்களாக நடைபெற்றதில், 2023இன் முற்பாதியில் அநுராதபுரம்–வவுனியாப் பகுதியும், 2024 ஜனவரி முதல் ஒக்டோபர் இறுதி வரை மாகோ–அநுராதபுரப் பகுதியும் மூடப்பட்டிருந்தன. கொழும்பு செல்வோர் இரவுப் பஸ்களையே நம்பியிருந்தனர். 1990 ஜூனில் நின்றுபோன சேவை 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் மீண்டும் வந்தடையும்வரை பொறுத்திருந்த நமக்கு இது பெரிய காலமல்ல என்று சிலர் கூறினர். வயோதிபரையும் நோயாளரையும் கொழும்புக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தவர்கள் அவ்வாறு கூறவில்லை.

பாதை இப்போது சீராகிவிட்டது. ஆயினும், பாதை சீராவதும் சேவை சீராவதும் ஒன்றல்ல என்பதே இவ்வாண்டு நாம் வலியுறுத்திய கருத்தாகும். 1956இல் கொழும்பு–காங்கேசன்துறை விரைவு வண்டியான யாழ்தேவி தொடங்கிய காலம் முதல் இப்பாதையின் நேர அட்டவணை கொழும்பையே மையமாகக் கொண்டது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் செல்பவருக்கு அது பொருந்துகிறது. சுன்னாகத்தில் ஏறிக் கிளிநொச்சிக்கு வேலைக்குச் செல்பவருக்கும், கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்து மாலையில் வீடு திரும்பவேண்டியவருக்கும் அதனால் கிடைப்பது சொற்பமே. எரிபொருள் நெருக்கடியின்போது, 2022 ஜூலையில், அரச ஊழியர்களை முதன்மையாகக் கருதிக் காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையே தொடங்கப்பட்ட யாழ் ராணிப் புகையிரதம், இத்தகைய உள்ளூர்ச் சேவைக்கு இங்கு ஆட்கள் இல்லை என்ற வாதத்தை முறியடித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இயங்கும் அறிவியல் நகரும் இதே பாதையில்தான் உள்ளது.

ஆகவே காலையிலும் மாலையிலும் காங்கேசன்துறை–வவுனியா இடையே சிறு புகையிரதங்கள் ஓடவேண்டும் என்றும், அவை கொக்குவில், கோண்டாவில், இணுவில், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய சிறு நிலையங்களிலும் நிற்கவேண்டும் என்றும் நாம் கடிதம் எழுதினோம். ஒற்றைப் பாதை என்பதால், எதிரெதிரே வரும் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடக்கூடிய நிலையங்களைக் கணக்கிட்டே நேரம் வகுக்கவேண்டும் என்பதை நாமும் அறிவோம். அது சிரமமே தவிர இயலாததன்று. கடிதம் கிடைத்தது என்ற அறிவித்தல் வந்தது, பதில் வரவில்லை.

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சேவை 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கப்பல் வரும் நேரத்துக்கு இசைவாகப் புகையிரதம் புறப்படின் துறைமுகத்துக்கும் நிலையத்துக்கும் நன்மையுண்டு. அதேபோல் யாழ்ப்பாண நிலையத்துக்கும் மத்திய பஸ் நிலையத்துக்கும் இடையே, வண்டி வரும் வேளையிலேனும் ஒரு சிற்றூர்தி ஓடவேண்டும். பொதிகளோடு வருபவர் முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் கூலி சிலவேளை புகையிரதக் கட்டணத்தை எட்டிவிடுகிறது.

வீதிகள் தண்டவாளத்தைக் குறுக்கிடும் பாதுகாப்பற்ற கடவைகளைப் பற்றிச் சொல்லாமல் இவ்வறிக்கையை முடிக்க இயலாது. பாதை சீராகி வேகம் கூடுந்தோறும் கடவையில் ஒருவர் முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது. கடவைக் காப்பாளர்கள் நாளொன்றுக்கு 250 ரூபா கொடுப்பனவில் பல்லாண்டுகள் கடமையாற்றினர் என்பதை இச்சபை அறியும். அத்தொகைக்கு எவரிடமும் முழுநேர விழிப்பை எதிர்பார்க்கும் உரிமை நமக்கு இல்லை. புதிய வண்டிகளைக் கேட்பதற்கு முன்பாகவே கடவைகளுக்குத் தடுப்புகளையும் மின்சமிக்ஞைகளையும் கேட்கவேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து. செயற்குழுவில் இதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

வரும் ஆண்டில் உள்ளூர்ச் சேவைக்கான கோரிக்கையைப் பயணிகளின் விபரங்களோடு மீண்டும் அனுப்பத் தீர்மானித்துள்ளோம். அதற்கான படிவம் வாயிலருகே மேசையில் உள்ளது. அங்கத்தவர்கள் தாம் ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், போகவும் வரவும் விரும்பும் நேரம் ஆகியவற்றைக் கூட்டம் கலையுமுன் அதில் பதிந்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
யாழ்ப்பாணம்